வீட்டு எலி, பள்ளிக்கூட எலி

என் பிழைப்பைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று இலை, இன்னொன்று எலி. இரண்டும் ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் உயிரெழுத்து அட்டையில் இருப்பவை. இ-க்கு இலை, எ-க்கு எலி. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது மனப்பாடம். இதில் என்ன தகராறு இருக்க முடியும் என்று கேட்பவர்கள் ஓசூர்ப் பக்கம் ஒன்றாம் வகுப்பு படிக்காதவர்கள்.

எங்கள் வீட்டில் கன்னடம். ஊர் கெலவரப்பள்ளி அணைக்குக் கொஞ்ச தூரம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார். கம்பெனிகள் வந்த பிறகு ஒரு கம்பெனியில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கினார். கன்னடத்தில் இலையை எலெ என்போம். எலியை இலி என்போம். இப்போது அந்த அட்டையைப் பாருங்கள். இலைப் படத்தைப் பார்க்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எலெ என்ற சொல்தான் வாயில் வரும்; அதனால் எ எழுதும். எலிப் படத்துக்கு இலி. அதனால் இ எழுதும். தன் காதுக்கு நியாயமாகத்தான் எழுதுகிறது, இரண்டுக்கும் அடி வாங்குகிறது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய எலுகா ஒழுங்காக எ-யில் தொடங்கிவிடும், இலை அவர்களுக்கு ஆகு. எங்களுக்கு மட்டும்தான் யாரோ வேண்டுமென்றே மாற்றி வைத்ததுபோல் அமைந்துவிட்டது.

நானும் விரல் முட்டியில் அடி வாங்கியவள். வீட்டில் ஒன்று, பள்ளியில் அதைத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். அதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். இதைச் சொல்லித்தர ஒரு ஆள் கூடவா இல்லை என்ற ஆத்திரத்தில்தான் டீச்சராக வேண்டும் என்று நினைத்தேன். தொண்டு, சேவை என்றெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு இருந்தது ஆத்திரம்தான். டீச்சரானால் எங்கள் ஊர்ப் பள்ளியில், அந்த அட்டைக்குக் கீழே நிற்க வேண்டும். வேறு ஊர் எதுவும் என் மனசில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பன்னிரண்டாவது முடித்து, கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அப்பா கம்பெனி வாசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ‘டீச்சரப்பா’ என்றே பெயர். விடுதியில் எனக்குக் கிடைத்தது கேலி. சாப்பாட்டு மணி அடித்தால் ராயக்கோட்டையிலிருந்து வந்த அறைத்தோழி கத்துவாள்.

“எலெ போட்டாச்சு, வாடி! லேட்டா வந்தா இலி தின்னுடும்!”

நானும் சிரிப்பேன். அவள் கேலியில் விஷம் கிடையாது.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் குழந்தை உளவியல் எடுத்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடம் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும்’ என்பது அவருக்குப் பிடித்த வாக்கியம். குழந்தைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார், அதைப் பிடித்துக்கொண்டு புதியதற்கு அழைத்துப் போ. எனக்கு அந்த வாக்கியம் தேனாக இனித்தது. என் பழைய ஆத்திரத்தைப் பெரியவர்கள் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நம்பினேன். அவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்.

கடைசிக் கட்டக் கற்பித்தல் பயிற்சிக்கு அவரவர் ஊர்ப் பக்கம் போகலாம் என்றார்கள். எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளியே கிடைத்தது. ஓட்டுக் கூரை, இருட்டான இரண்டு அறைகள், வாசலில் ஒரு புளியமரம். ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் கன்னட வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக ஒரு விளையாட்டு வைத்தேன். வாசற்படிக்கு வெளியே நின்றால் வீடு, உள்ளே வந்தால் பள்ளிக்கூடம். வெளியே நின்று எலிப் படத்தைக் காட்டினால் ‘இலி’ என்று கத்த வேண்டும். படியைத் தாண்டி உள்ளே குதித்ததும் அதே படத்துக்கு ‘எலி’. வெளியே எலெ, உள்ளே இலை. வீட்டு எலி இ, பள்ளிக்கூட எலி எ. பிள்ளைகள் படியை அங்கும் இங்கும் தாண்டித் தாண்டி, புழுதி பறக்கக் கத்தினார்கள். ஒரு வாரத்தில் வகுப்பில் ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை. நான் அழுது அழுது கற்றதை அவர்கள் குதித்துக் குதித்துக் கற்றுக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் நான் கர்வப்பட்ட வாரம் அது ஒன்றுதான்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். கன்னடம் காதில் விழாத ஜில்லாக்காரர். வெள்ளைச் சட்டை, ஜீப்பில் வந்த களைப்பு. வகுப்புக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

“உள்ளே ஒரே இருட்டா இருக்கேம்மா. பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிட்டு வா. காத்தோட்டமா இருக்கும்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பதற்றத்தில் எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பிள்ளைகள் குஷியாக ஓடி வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். படங்களை ஒட்டிக் காட்டும் துணிப் பலகையைக் கிளையில் மாட்டி, இலைப் படத்தைக் காட்டினேன்.

“இது என்ன?”

“எலெ!” மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

“முதல் எழுத்து?” கேள்வி தானாகவே வாயிலிருந்து வந்துவிட்டது.

“எ!”

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவசரமாக எலிப் படத்தை எடுத்தேன். “இலி! இ!” என்று மரத்திலிருந்த காக்கை பறக்கும்படி கத்தினார்கள். விளையாட்டின் விதியை ஒரு பிசகும் இல்லாமல் காப்பாற்றிய பெருமையுடன் என் முகத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்குழந்தை, நான் விழிப்பதைப் பார்த்து மெதுவாகச் சொன்னது: “டீச்சர், நாவு ஹொரகடெ இத்தீவி.” நாங்கள் வெளியில்தானே இருக்கிறோம் என்கிறது. அந்தக் குழந்தைக்குப் புரிந்தது.

நான் கன்னடத்தில், எல்லாரும் உள்ளே வாருங்கள் என்றேன். தேர்வாளர் கையைத் தூக்கினார்.

“நில்லும்மா. என்ன பாஷை பேசறே?”

“கன்னடம் சார். பசங்களுக்கு வீட்டுல கன்னடம் சார்.”

“பசங்களை விடு. உனக்கே எலிக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும் சார். பசங்க வெளிய இருக்காங்க சார், அதான் அப்படிச் சொல்றாங்க. உள்ள போனா சரியா சொல்லுவாங்க.”

“வெளியே இருந்தா எலி இலையாயிடுமா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் கூப்பிக் கேட்டேன். “ஒரே ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க சார். இந்தப் படியைத் தாண்டினா போதும் சார்.” படி பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

“பார்த்த வரைக்கும் போதும்மா.”

செய்முறையில் தோல்வி. குழந்தை உளவியல் தாளில் மட்டும் எனக்கு நல்ல மதிப்பெண். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று கேட்டிருந்தார்கள். என் இலையையும் எலியையும்தான் எடுத்துக்காட்டாக எழுதியிருந்தேன். தாளில் எழுதினால் மதிப்பெண், மரத்தடியில் செய்தால் தோல்வி. இந்த நியாயத்தை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உளவியல் அம்மாவிடம் போய் நின்றேன். அவர் இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டுதான் பேசினார்.

“கன்னடம்னு நீ ஏன் வாயைத் திறந்தே? பரிட்சை அன்னிக்கு பேசாம மாம்பழத்தைக் காட்டிட்டு வந்திருக்கலாம் இல்ல?”

அடுத்த வருஷம் மாம்பழத்தைத்தான் காட்டினேன்; அதற்கு இரண்டு பாஷையிலும் மா-தான் முதல் எழுத்து. வேறு தேர்வாளர், வேறு பள்ளி. ஒரு கன்னடச் சொல் வாயில் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் எடுத்தேன். உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு என்னை அறைந்ததுபோல் இருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மூப்பு என்று ஒன்று உண்டு. முதலில் பதிந்தவருக்கு முதலில் வேலை. என்னோடு படித்தவர்கள் எனக்கு ஒரு வருஷம் முன்னால் பதிந்துவிட்டார்கள். அவர்கள் வரைக்கும் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் யாரையும் கூப்பிடவில்லை. ராயக்கோட்டைத் தோழி தன் சொந்த ஊர்ப் பக்கமே டீச்சராகிப் போனாள். நான் ஓசூரில் பல்பு செய்யும் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். அங்கே சூப்பர்வைசர் தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் வேலை சொல்வார், தமிழில் லீவு இல்லை என்பார். எந்தப் பாஷையில் பேசினாலும் பல்பு எரிந்தது. அப்பாவை வாசலில் எல்லாரும் இன்னும் ‘டீச்சரப்பா’ என்றே கூப்பிட்டார்கள். முன்பு மரியாதையாகக் கூப்பிட்ட அதே வாய்கள்தான். அவர் திரும்பிப் பார்க்காமல் மூட்டையைச் சுமந்து போவார்.

கடைசியில் வேலை வந்தது. தென்கோடியில், கடலுக்குப் பக்கத்தில், கருவேலங்காட்டு நடுவே ஒரு பள்ளி. அங்கே பிறக்கும்போதே பிள்ளைகள் எலியை எலி என்றார்கள், இலையை இலை என்றார்கள். நான் சொல்லித்தர அதில் ஒன்றுமே இல்லை. என் பேச்சைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தார்கள். கேலிக்கு நான் பழகியவள், அதை விடுங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் வயிறு எரியும். எங்கள் ஊர்ப் பள்ளியில் யாரைப் போட்டிருந்தார்கள் தெரியுமா? நான் வேலை பார்த்த அதே தென்ஜில்லாவைச் சேர்ந்த ஒருவரை. என் அண்ணன் மகள் அவரிடம் ஒன்றாம் வகுப்பு. அவளும் எலிப் படத்துக்குக் கீழே இ எழுதினாள். அவளும் விரல் முட்டியில் வாங்கினாள். அவளை வாசற்படியில் நிறுத்தி என் பழைய விளையாட்டைச் சொல்லித்தந்தேன். இரண்டு நாள் குதித்தாள். என் லீவு முடிந்துவிட்டது.

அந்த ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

“நான் சொல்றது இதுகளுக்கு விளங்கல, இதுக சொல்றது எனக்கு விளங்கல டீச்சர். எங்க ஊருக்குப் போனாப் போதும்னு கெடக்கேன்.”

அவருக்கு என் இடம் வேண்டும், எனக்கு அவர் இடம் வேண்டும். இருவரும் சேர்ந்து மனமொத்த மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தோம். எல்லாருக்கும் நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. அதனாலோ என்னவோ அதற்கு வருஷங்கள் ஆயின. ஆபீசில் கேட்டால் மேலே போயிருக்கிறது என்பார்கள். அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, முட்டி மோதி நாலாவது வரை போய், நின்றுவிட்டாள். படிப்பு ஏறவில்லை என்று அண்ணன் கடிதம் போட்டான். ஏறாமல் இல்லை, தள்ளிவிட்டார்கள் என்று பதில் எழுதினேன்.

மாறுதல் உத்தரவு வந்தபோது அப்பா இல்லை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பள்ளியில், அதே அட்டைக்குக் கீழே போய் நின்றேன். அட்டை கிழிந்திருந்தது, எலியும் இலையும் மட்டும் கல்லுக்குண்டாட்டம் இருந்தன. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் கம்பெனி வந்திருந்தது. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். கை முழுக்க முள் கீறல்.

நாங்கள் பேசியது கன்னடத்தில்தான். என்ன வேலை என்று கேட்டேன். பூ வெட்டுவது என்றாள். எப்படி வெட்ட வேண்டும் என்று உற்சாகமாகக் காட்டினாள். காம்பு இவ்வளவு நீளம், மொட்டு இவ்வளவு விரிந்திருக்க வேண்டும், அடியில் ரெண்டு இலை விட வேண்டும். மற்றதெல்லாம் கன்னடம். ‘இலை’ மட்டும் தமிழ். ஒரு பிசிறில்லாத இலை.

“யாரும்மா சொல்லித் தந்தாங்க?” என்றேன்.

“சூப்பர்வைசரு. தமிழ்க்காரரு. நான் எலென்னேன். அவரு ஒண்ணைப் பறிச்சு, நீங்க எலெ, நாங்க இலைன்னாரு. அவ்வளவுதான் அத்தே.” கீறல் விழுந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். “அவரு அடிக்கவே இல்லை.”