என் பெயரில் ஓடிய கார்

காரை ஓட்டிய பதினான்கு வருடமும் எனக்குப் பயம் வந்ததில்லை. விற்ற பிறகுதான் வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர், பின்னால் ஒரு கன்டெய்னர், நடுவில் என் சின்ன வெள்ளைக் கார் என்று எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். ஒருமுறை முருகா என்று சொல்லிவிட்டு ஹாரனை அமுக்குவேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள், காரை விற்ற பிறகு வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசி ஒரு சத்தம் போட்டாலே எழுந்து நின்றுவிடும் நிலைக்கு வந்தேன்.

விற்றதற்குக் காரணம் என் இடது முட்டி. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசைக்குள் மாட்டி, கிளட்ச்சை மிதித்து மிதித்தே அது தேய்ந்துபோனது என்பது என் கட்சி. எடையைக் குறைக்க வேண்டும் என்பது டாக்டர் கட்சி. எப்படியோ, என் முட்டி தேய்ந்ததே தவிர கார் தேயவில்லை. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. உப்புக் காற்று, அதோடு கரித்தூள். இந்தப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கதவின் அடி ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். நான் வாரம் தவறாமல் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வரை பீய்ச்சிக் கழுவுவேன். "என்னைய ஒரு நாளாவது இப்டி குளிப்பாட்டியிருப்பியா?" என்று என் கணவர் கேட்பார். "நீங்க மொதல்ல துரு புடிங்க, அப்புறம் பாக்கலாம்" என்பேன்.

அப்படி வளர்த்த காரைப் புரோக்கரிடம் தள்ளிவிட மனசு வரவில்லை. நானே ஆள் பார்த்து விற்கிறேன் என்று கிளம்பினேன். வந்தவர்களில் பாதிப் பேர் திருவொற்றியூர் என்றதும் கடல் காற்று வண்டி என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து பார்க்கக்கூட இல்லை, அதற்குள் என்ன தீர்ப்பு வேண்டியிருக்கிறது?

குனிந்து பார்த்தவர் ஒருவர்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவர், நாற்பது வயது இருக்கும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். கதவுக்கு அடியில் விரலை ஓடவிட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, கடலாண்ட கீற வண்டின்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். துளி துரு இல்ல. சோக்கா வெச்சிகினுகீறீங்கோ."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

"பின்சீட்டு ஃபுல்லா மடங்குமாக்கா?" என்றார்.

"மடங்கும். எதுக்கு தம்பி?"

"சோத்து அண்டா வெக்கணும். வூட்லேர்ந்து மார்க்கெட்டு, மார்க்கெட்லேர்ந்து வூடு. வேற எங்கியும் போவாது."

பெரிதாகப் பேரம்கூடப் பேசவில்லை. பெயர் மாற்றுவதற்கான பேப்பர்களில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டியது, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது என்று பேச்சு. "கூடவே போய் மாத்திட்டு வந்துடேன்" என்றார் கணவர். முட்டி வலிக்கிறது, ஆளைப் பார்த்தால் நல்ல மாதிரி தெரிகிறது என்று நான்தான் தட்டிக்கழித்தேன்.

கணவர் இன்னொன்றும் சொன்னார். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாகைக் கிழித்துவிடச் சொன்னார். கார் டோலைத் தாண்டினால் காசு என் கணக்கிலிருந்து போகும், செய்தி என் கைப்பேசிக்கு வரும், அந்த ஸ்டிக்கர். சரியென்று நகத்தை ஓரத்தில் விட்டேன். பசை இழை இழையாகக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. பதினான்கு வருடம் ஒரு கீறல் விழாமல் காத்த கண்ணாடி, கடைசி நாளில் பசைக் கறையோடு அனுப்புவதா? வாங்குகிறவர் டோல் பக்கமே போகப்போவதில்லை, புதுசு ஒட்டும்போது அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓரத்தை மறுபடி அமுக்கி ஒட்டிவிட்டேன். விற்ற காரின் கண்ணாடிக்கு இப்படிக் கவலைப்பட்ட பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, சமையலறையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது. பட்டரைப்பெரும்புதூர் டோல். அது திருவள்ளூரைத் தாண்டி, திருப்பதி போகிற சாலை. சாத்தாங்காடு எங்கே, அது எங்கே! குழம்பு வைத்து இறக்கும்போது அடுத்த செய்தி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து டோலிலிருந்து. கையைத் துடைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"மார்க்கெட்டுல கீறேங்க்கா, கரண்டியும் கையுமா. பேரா? நாளிக்கே மாத்திடறேன்."

பொய். அப்பட்டமான பொய். அவர் பேசுகிற பின்னணியில் இரும்புச் சத்தமே இல்லை, காற்றுதான் கேட்டது.

என் தம்பி காசிமேட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னது என் தலைவிதி.

"இன்னாது, பின்சீட்டு மடங்குமான்னு கேட்டானா?" என்றான். "யக்கா, அண்டாவாவது, குண்டாவாவது! திருப்பதி மலையில செம்மரம் வெட்றானுங்க. கட்டைய படுக்க வெச்சி எடுத்துக்கினு வர இடம் வாணாம்?"

"சும்மா இருடா."

"நான் சும்மாதான் கீறேன். வண்டி யாரு பேர்ல கீது? உன் பேர்ல. மாட்டுனா அவன் குதிச்சி ஓடிப்பூடுவான். போலீசு நம்பரைப் பாத்துகினு நேரா உன் வூட்டாண்டதான் வரும். ஆமா, ஆளு எந்த ஏரியா?"

"வியாசர்பாடி."

"அங்கயா குட்த்த? ரவுடிங்க ஏரியா. சுத்தம்!"

காசிமேடு என்றால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அதை நான் அவனிடம் கேட்கவில்லை. எனக்கும் அவன் சொன்னது சரியென்றே பட்டது.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. நான் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. என் கணவர் வேலை செய்வது துறைமுகத்துக்குள். உள்ளே நுழைய பாஸ் வேண்டும், அந்தப் பாஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் போலீஸ் சான்று வேண்டும். வீட்டில் ஒருத்தி பெயரில் கடத்தல் கேஸ் என்றால் பாஸ் எங்கே கிடைக்கும், வேலை எங்கே நிற்கும்? புழல் ஜெயிலில் முட்டிக்குத் தைலம் கொடுப்பார்களா என்றுகூட யோசித்திருக்கிறேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

செய்திகள் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போவதும், அன்றே திரும்புவதும் வந்துகொண்டே இருந்தன. ஒரு காலையில் எங்கள் தெருவில் ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வீட்டு நம்பர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னலில் பார்த்தவள் அப்படியே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டேன். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பக்கத்து வூட்டுப் பையன் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தாரு," என்று கணவர் கதவைத் தட்டினார். "நீ எதுக்கு உள்ள போய் ஒளிஞ்சிக்கினே?"

அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பாஸை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மொதல்ல அந்த ஸ்டிக்கரை க்ளோஸ் பண்ணு என்று தம்பி ஏவினான். பண்ணினேன். செய்திகள் நின்றன. நிம்மதி வரும் என்று பார்த்தால், நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை கார் எங்கே இருக்கிறது என்று தெரிந்து பயந்தேன், இப்போது தெரியாமல் பயந்தேன். சமைக்கும்போதும், கோயிலில் நிற்கும்போதும் என் பெயரைச் சுமந்துகொண்டு அது எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. போன் போட்டால் அவர் எடுக்கவும் இல்லை.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியின் ஆட்டோவில் வியாசர்பாடிக்குக் கிளம்பிவிட்டேன். போர்டு வீடுகளுக்குக் கீழே, வேப்பமர நிழலில் என் கார் நின்றிருந்தது. துடைத்து வைத்திருந்தார். கதவின் அடி ஓரம்கூடச் சுத்தமாக இருந்தது. ஆட்டோ சத்தத்தில் அவர் படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா... வண்டிய எடுத்துக்கினு போவ வந்துட்டீங்களா?"

வழியெல்லாம் நயமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "செம்மரம் கடத்துறியா நீ?"

மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "மேல வாங்கக்கா" என்றார்.

மேலே, கட்டிலில் அவருடைய பதினைந்து வயசு மகள் படுத்திருந்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிய கட்டு. பச்சிலை வாசனை அறை முழுக்க இருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, புத்தூர்க் கட்டு. எலும்பு முறிந்தால் வடசென்னையில் பாதிப் பேர் ஆந்திராவில் இருக்கும் அந்தப் புத்தூருக்குத்தானே போகிறார்கள்! கார் வாங்கிய சில நாளிலேயே ஃபுட்பால் மேட்சில் கால் உடைந்திருக்கிறது. வாரா வாரம் அங்கே போய்க் கட்டை மாற்றிக் கட்ட வேண்டும். பின்சீட்டை மடக்கி, மெத்தை விரித்து, அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்.

எனக்குக் கன்னம் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. "போன்ல ஏன் பொய் சொன்ன?"

"ஆந்திரா போறேன்னா நீங்க பயந்துகினு வண்டியத் திருப்பிக் கேப்பீங்கோன்னு..."

"பேரை ஏன் மாத்தல?"

அவர் பெண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மாத்தலாம்னுதான்க்கா இருந்தேன். மொத தபா புத்தூர் போவச்சொல்ல செக்போஸ்ட்டுல நிறுத்தி ஆர்சி கேட்டாங்கோ. உங்க பேரு, திருவொத்தியூர் அட்ரஸு இருந்திச்சி. மேடம் வண்டி சார், நான் டிரைவரு, பொண்ணுக்குக் கட்டு கட்ட இட்டுகினு போறேன்னேன். போன்னு உட்டுட்டாங்கோ. முன்ன ஒருவாட்டி தோஸ்து வண்டில போனோம். வியாசர்பாடி அட்ரஸு. அல்லாரையும் எறக்கி ரோட்ல நிக்க வெச்சி, சீட்டெல்லாம் கயட்டிப் பாத்தாங்கோ. இந்தக் காலோட இவள எறக்க முடியுமாக்கா? கால் கூடற வரிக்கும் உங்க பேர்ல ஓட்டிக்கலாம்னுதான்."

பின்னாலேயே ஏறி வந்திருந்த என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் வேறெங்கும் பார்க்க முடியாமல் நின்றேன்.

அதற்காக என் பயம் அங்கேயே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கணவரின் பாஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது. "எனக்கும் குடும்பம் இருக்கு தம்பி, நாளைக்கே மாத்தணும்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது. சரிக்கா என்றார். மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நானே அவரோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். சில வாரத்தில் அவர் பெயரில் ஆர்சி வந்துவிட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கடைசிக் கட்டைப் பிரிக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். முட்டியைக் காட்ட வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். நிஜத்தில், அந்தச் செக்போஸ்ட் என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. முன்சீட்டில் நான், பின்னால் அந்தப் பெண். போகும்போது யாரும் நிறுத்தவில்லை. திரும்பும்போது ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஜன்னலில் குனிந்து முதலில் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி யாருது?"

அவர் பெயர் போட்ட ஆர்சி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இவருடையது சார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"மேடமோடது சார்," என்றார் அவர். "நான் டிரைவரு."

ஆர்சியைக் கேட்டுவிட்டால்? இவர் சொன்னது பொய் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் இவரை? நான் தலையை மட்டும் ஆட்டினேன். "போங்க மேடம்" என்றார் போலீஸ்காரர், மரியாதையாக.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். "உன் பேர்லதான் இருக்கே தம்பி, ஏன் அப்டி சொன்ன?"

"பழகிப்போச்சிக்கா," என்று சொல்லி அவர் கியரை மாற்றினார்.

பின்னால் அந்தப் பெண் முதல்முறையாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும்.