நான் தத்தெடுத்த குரல்

ஃபிரிட்ஜின் உத்தரவாதச் சீட்டைத் தேடி நேற்று பரணில் ஏறினேன். சீட்டு கிடைக்கவில்லை. பழைய சிடிக்கள் அடுக்கிய டப்பா ஒன்று கிடைத்தது. மூடியைத் திறந்ததும் பிளாஸ்டிக்கும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை. உடனே மூடிவிட்டேன். வாடையால் அல்ல, மேலே இருந்த சிடியில் என் கையெழுத்தில் 'ஸ்டான்லி சாருக்கு' என்று இருந்ததால்.

ஹைதராபாத்தில் கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம் அது. விசா கிடைக்காதவர்கள் புரட்சி செய்தோம். பேகம்பேட்டில் ஒரு டுடோரியல் காலேஜ் மாடியில் ஞாயிறு காலைகளில் கூடி, சமோசா தின்று, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பற்றிப் பேசுவோம். அந்த அறையில் எந்நேரமும் சூடான சிடி வாடை அடிக்கும். விடுதலையின் மணம் என்று அப்போது நம்பினேன்.

நாங்கள் கட்டிக்கொண்டு அழுத லினக்ஸை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. உலகம் முழுக்கச் சம்பளமில்லாத ஆட்கள் சேர்ந்து நடத்துவது. அதில் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அவருக்குக் கல்யாணமோ சலிப்போ வந்துவிட்டால் பொட்டலம் 'அநாதை'ப் பட்டியலில் சேரும். யார் வேண்டுமானாலும் ஒரு வரி மடல் போட்டுத் தத்தெடுக்கலாம். பூனைக்குட்டி கொடுப்பவர்கள்கூட இதைவிட அதிகம் கேள்வி கேட்பார்கள்.

ஸ்டான்லி சார் எங்கள் கூட்டத்துக்குப் போலாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது. திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றுதான் அவருக்குக் கண். ஜலதோஷம் பிடித்த தாசில்தார் மாதிரி அதற்கு ஒரு குரல். தொழிற்சாலையின் எண்களெல்லாம் கணினிக்குள் போய்விட்டதால், தாசில்தார் படித்தால்தான் ஸ்டான்லி சாருக்கு நாற்காலி.

ஒரு ஞாயிறு அவர் சொன்னார்: "அடுத்த வெர்ஷன்ல இது பேசாதாம்பா. பாத்துக்கிட்டிருந்த ஆளு உட்டுட்டுப் போயிட்டான். யாராச்சும் எடுத்தா நல்லாருக்கும்."

"நான் எடுக்கிறேன் சார்" என்று கையைத் தூக்கினேன். பார்வையில்லாதவர் முன்னால் கை தூக்கியதைக் கவனியுங்கள். அது மற்றவர்களுக்காக.

"ஹவ்! நம்ம தம்பியே எடுத்துக்கிச்சு!" என்று ஹைதராபாத் 'ஆமாம்' போட்டுச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் இரண்டாவது சமோசா.

அன்று பிற்பகலே பயோடேட்டாவில் 'பொறுப்பாளர்' என்று ஒரு வரி சேர்த்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, எங்கோ குளிர்தேசத்திலிருந்து ஒரு பெண் எழுதினாள்: பழுதைச் சரிசெய்துவிட்டேன், சேர்க்கட்டுமா? பொறுப்பாளர் உயிரோடு இருக்கும்வரை அவர் பொட்டலத்தை அடுத்தவர் தொடக் கூடாதென்பது அங்கே எழுதாத மரியாதை. என் பிள்ளைக்கு இன்னொருத்தி மூக்கைத் துடைப்பதா? 'நன்றி, இந்த வாரம் பார்க்கிறேன்' என்று போட்டேன். பார்க்கவில்லை.

அதன்பிறகு நிர்வாகிகளிடமிருந்து மூன்று மாதத்துக்கொரு விசாரணை வரும்: இருக்கிறீர்களா? பதில் வராவிட்டால் பொட்டலத்தைப் பிடுங்கிக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் சோம்பேறிதான், ஆனால் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போடும் நல்ல பழக்கம் உண்டு. 'இருக்கிறேன். இந்த வாரம் பார்க்கிறேன்.' ஒவ்வொரு பதிலுக்கும் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முழுச் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருப்பாள்.

புதிய வெளியீடு வந்தது. பழுது தீராத பொட்டலங்களைக் கழித்துக் கட்டினார்கள், என்னுடையதும் போயிற்று. பாலாநகரில் கணினியை அந்த வெளியீட்டுக்குப் புதுப்பித்தார்கள். தாசில்தார் வாயை மூடினார்.

சில வாரங்கள் கழித்துத்தான் ஸ்டான்லி சார் போன் செய்தார். "ஸ்டோர்ல உக்கார வெச்சிட்டாங்க தம்பி. ஸ்டூலு. நட்டு போல்ட்டுக்குக் காவல்."

அப்போதுதான் அந்தப் பெண் அனுப்பியதைத் திறந்தேன். பதினோரு வரி. சேர்த்து, சோதித்து, சிடியில் எழுதிக்கொண்டு போலாரம் பஸ் ஏறினேன். சாப்பாடு போடுவார்கள் என்றுகூட நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடியை வாங்கிக்கொண்டு வாசலிலேயே கேட்டார்: "எவ்ளோ நேரமாச்சு இதுக்கு?"

"முக்கால் மணி நேரம் சார்."

சிடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவினார். "அந்த அம்மா உங்களுக்கு எழுதினது, நீங்க போட்ட பதிலு, எல்லாம் மெயிலிங் லிஸ்ட்ல எல்லாருக்கும் வந்துச்சு. தாசில்தார்தான் படிச்சுக் காட்டினான். 'இந்த வாரம், இந்த வாரம்'னு நாலு தடவ." நிலையில் சாய்ந்துகொண்டார். "கைக்கு? ஏன் எடுத்தீங்க? நக்கோ, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா எடுத்திருக்கும்ல?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதை நான்கு தடவை எழுதியாகிவிட்டது.

"என் சீட்ல வேற பொண்ணு வந்தாச்சு. நல்ல பொண்ணு, கண்ணு தெரியும். இத வெச்சு நான் என்ன பண்ணட்டும், சார்?" என்று சிடியைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. உட்காரச் சொல்லவில்லை.

பயோடேட்டாவில் அந்த வரி அதற்குப் பிறகும் இருந்தது. இரண்டு வேலை வாங்கிக் கொடுத்தது. இரண்டிலும் சேர்ந்தேன்.

டுடோரியல் மாடியில் இப்போது நகைக்கடை. அந்த லினக்ஸின் பட்டியலில் தாசில்தார் பெயர்கூட இல்லை. சிடியைப் போட்டுப் பார்க்கலாமென்றால் வீட்டில் இருக்கும் எந்தக் கணினியிலும் அதற்கு வாய் இல்லை. போலாரத்தில் ஸ்டான்லி சார் கூப்பிட எனக்கு ஒரு 'தம்பி' இருந்தது. அதை வாசலிலேயே 'சார்' ஆக்கிக்கொண்டு, நான் பஸ் ஏறியிருக்கிறேன்.