இட்லிக் கடை மேல் ஒரு சிவப்புப் புள்ளி

வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஜி.பி.எஸ். கருவிக்கு மரம் ஆகாது, மாடி ஆகாது. தலைக்கு மேலே திறந்த வானம் இருந்தால்தான் நாலைந்து செயற்கைக்கோளாவது அதன் கண்ணில் படும். பிறகு பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, நாம் நிற்கும் இடத்தை எண்களாகப் பதிந்துகொள்ளும். இரண்டாயிரங்களின் நடுவில், லாஸ்பேட்டையில் ஒரு வாடகை மாடியில் இருந்த திட்ட அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை. ஒப்பந்த வேலைதான், வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் வீடுகளைக் கருவியில் குறித்து வர வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அவை சிவப்புப் புள்ளிகளாக மாறும். நோய் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மரம் மறைத்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. வெளியே வந்து திறந்த இடத்தில் குறித்துவிட்டு, நோயாளியின் வீடு அங்கிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். அலுவலகத்தில் அதைப் பார்த்துப் புள்ளியை நகர்த்துவோம். மூன்று மாதம் நான் ஊர் ஊராகச் சுற்றினேன். ஒரு வீட்டுக்குக்கூட அதை எழுதவில்லை. வெயில், சோம்பல், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் சொல்ல வந்த ஊர் மேற்கே, கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்தது. பஸ்ஸில் போனால் வழியில் இரண்டு முறை தமிழ்நாடு வந்து போகும். சாராயக்கடை கண்ணில் பட்டால் மறுபடி நம் யூனியன் பிரதேச எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த ஊரில் மருந்து சாப்பிடுகிறவர் ஒரே ஒருவர். துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டைக் காட்ட என்னுடன் வர மறுத்துவிட்டார்.

"நான் கூட வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும் தம்பி. டிபன் கடைக்குப் பின்னால மாந்தோப்பு இருக்குது பாரு, அதுக்குள்ள மாடி ஊடு. அந்த ஊட்டம்மாவுக்குத்தான். நீயே போயி குறிச்சிக்கோ."

மாந்தோப்புக்குள் போனேன். கருவியில் ஒரு செயற்கைக்கோளும் இல்லை. வீட்டு நாய் வேறு சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்துவிடும் போலக் குரைத்தது. எனக்குப் பசி. வெளியே வந்து டிபன் கடை வாசலில் நின்றேன். சாலையை அகலப்படுத்தும்போது அங்கிருந்த புளியமரத்தை வெட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் தாராளமாக வானம். பொத்தானை அழுத்தினேன், சத்தம் வந்தது.

"இன்னா தம்பி, போனு கத்துது?" என்றார் கடைக்கார அக்கா.

"போன் இல்லக்கா, இடம் பாக்குற மெஷின்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு இட்லி, காரச் சட்னி. கணவர் இறந்த பிறகு வீட்டு முன்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அவர் தனியாக நடத்திய கடை அது. வேறு வருமானம் இல்லை, பிள்ளைகள் இல்லை. பக்கத்து ஊர்களில் வேலை முடியும்வரை ஒரு வாரம் தினமும் அங்கேதான் சாப்பிட்டேன். ஒல்லியாக இருக்கிறேன் என்று ஐந்தாவது இட்லியைக் கேட்காமலே போடுவார்.

கணக்கெடுப்பு முடிந்ததும் எங்கள் திட்ட அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஊரை வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் புள்ளியை வைத்து, எட்டடிக்கு ஃபிளெக்ஸ் அடித்து, துணை சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரில் மாட்டலாம். மக்களுக்கு விழிப்புணர்வு வரும். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் காட்டவும் ஆகும். ரகசியம் என்ன ஆவது என்று யாரோ கேட்டதற்கு, "பேரு எங்கேயாவது இருக்கா? வெறும் புள்ளிதானே" என்றார். நாங்கள் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

ஃபிளெக்ஸை மாட்டிய அன்று ஊரே திரண்டு வந்தது. தங்கள் ஊரை மேலிருந்து பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் முறை. முதல் அரைமணி நேரம் புள்ளியை யாரும் கவனிக்கவில்லை. "தோ பாரு எங்க வைக்கப்போரு!", "அந்தாண்ட நவுரு, எங்க மோட்டார் கொட்டா தெரியுதா பாக்குறேன்" என்று ஒரே கூச்சல். நான் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை நானே வரைந்தவன் போல விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பெரியவர் கேட்டார், "இந்தச் செவப்பு இன்னாப்பா?" பதில் கீழே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். கோயிலிலிருந்து விரலை வைத்து ஒருவர் தெருவைத் தொடர்ந்தார். குளம், வளைவு, அடிபம்பு, டிபன் கடை. விரல் அங்கே நின்றது.

"அன்னிக்கி இவரு மெஷின வச்சிக்கினு அங்கதானே நின்னாரு? அங்கதான் அது கத்துச்சி. நான் பாத்தேன்" என்றார் இன்னொருவர்.

கருவி நோயை மோப்பம் பிடித்துக் கத்தியதாக அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, படம் அப்படித்தான் சொன்னது. கூட்டத்தில் மாடி வீட்டுக்காரரும் நின்றிருந்தார். ஊரில் செல்வாக்கானவர், கரும்பு நிலத்தில் பாதி அவருடையது. படத்தில் தன் வீட்டுக் கூரை சுத்தமாக இருப்பதைப் பார்த்தார், பக்கத்திலிருந்த புள்ளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புள்ளி யாருடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே கடைக்குக் கூட்டம் குறைந்துவிட்டதாக நர்ஸம்மா போனில் சொன்னார். ஒரு வாரத்தில் அதுவும் நின்றுவிட்டது. பெருவியாதிக்காரி கையால் மாவு கரைக்கிறாள் என்று பேச்சு. அந்த நோய் இட்லியில் ஒட்டிக்கொண்டு வராது, மருந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது என்று ஊர் ஊராக மைக் பிடித்துச் சொன்னவர்கள் நாங்கள்தான். யார் கேட்டார்கள்? அந்த அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று நர்ஸம்மா நாலு பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். "அப்ப யாருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்களாம். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

"தம்பி, புள்ளி தப்பா விழுந்திருக்குது. உங்க சார்கிட்ட சொல்லி அந்தப் படத்தக் கழட்டச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இந்த ஒரு புள்ளி தப்பு என்றால், மற்றவை எப்படி என்று கேட்பார்கள். நோட்டை எடு என்பார்கள். மூன்று மாத வேலை மொத்தமும் குப்பை என்று தெரிந்துவிடும், என் ஒப்பந்தம் அத்தோடு போய்விடும். புள்ளியை மாற்றினால் மாடி வீட்டம்மா அம்பலப்படுவாரே, அது பாவமில்லையா என்று எனக்கு நானே ஒரு சாக்கும் வைத்திருந்தேன். நல்ல சாக்குதான். ஆனால் படத்தைக் கழற்றினால் யாருமே அம்பலப்பட மாட்டார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

பிறகு அந்த அக்காவே இரண்டு பஸ் மாறி லாஸ்பேட்டைக்கு வந்தார். கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. பரிசோதித்ததில் நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ஊரில் அதைக் காட்டினால், மருந்து சாப்பிட்டு இப்போது சரியாகியிருக்கும் என்கிறார்களாம். அதிகாரி சீட்டைப் படித்துவிட்டு மரியாதையாகவே பேசினார்.

"நாங்க உங்க பேரை எங்கேயும் போடலியேம்மா. போடாத பேரை எப்படி எடுக்கிறது? உங்களுக்கு நோய் இருக்குன்னு நாங்க சொல்லவே இல்லையே."

"படத்துல எங்க ஊட்டு மேல இருக்குது சார்."

"அது வீடு இல்லம்மா, ஏரியா."

அக்காவுக்கு அது புரியவில்லை. புரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது என்னிடம் வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"தம்பி, நீ தினம் எங்கிட்ட சாப்ட்ட புள்ள. ஒரு நாளு வந்து, எல்லாரும் பாக்குற மாதிரி உக்காந்து நாலு இட்லி சாப்ட்டுட்டுப் போ. ஆபீஸ்காரரே சாப்புடறாருன்னா ஜனங்க வந்துடும். எனக்கு அது போதும்."

"வர்றேங்க்கா" என்றேன். அப்போது நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன். இதற்கு நோட்டும் வேண்டாம், புள்ளியை நகர்த்தவும் வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

போனேன், ஆனால் தனியாகப் போகவில்லை. மறு வாரம் இரண்டு விருந்தாளிகளுக்கு ஃபிளெக்ஸைக் காட்ட அதிகாரி ஜீப்பில் கிளம்பியபோது என்னையும் கூட்டிப்போனார். நாங்கள் வருவதை நர்ஸம்மா சொல்லியிருக்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அக்கா சாலையில் நின்று ஜீப்பை நிறுத்தினார். துவைத்த புடவை, கழுவிய பெஞ்ச், தலைவாழை இலை, அதில் ஆவி பறக்க நாலு இட்லி. ஊர் ஜனம் இருபது பேருக்குமேல் சுற்றி நின்றிருந்தது. அவரே கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்.

"வந்துட்டியா தம்பி! குந்து" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஐயா, நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

"காலையிலயே ஆச்சும்மா" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த ஓரடியை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மாடி வீட்டுக்காரர் தன் பைக்கில் சாய்ந்தபடி சிரித்தார். "சாப்புடுங்க தம்பி, ஒண்ணும் ஆவாது."

அந்தச் சிரிப்புதான் என்னைத் தடுத்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் காரணம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காகிதம் அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது. அவர் சாப்பிட மறுத்த இடத்தில் நான் உட்கார்ந்தால், உனக்கு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயம் என்று கேட்பார். எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்பதுதான் அங்கே சிக்கல்.

"வயிறு சரியில்லக்கா" என்றேன்.

"தினம் சாப்டுவியே தம்பி" என்று மட்டும் கேட்டார் அக்கா. நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அவர் குனிந்து இலையை இட்லியோடு மடித்தார். கூட்டத்தில் ஒரு பெண் குரல், "பாத்தியா, தெனம் தின்ன ஆபீஸ் தம்பியே தொடல" என்றது. அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. புள்ளியைவிட நான்தான் நல்ல சாட்சி.

ஜீப் பெரிய சாலைக்கு வந்த பிறகு அதிகாரி திரும்பி என் தோளைத் தட்டினார். "நல்லவேளை, நீ உக்காரல. எதுக்கு வீண் ரிஸ்க்?"

"ஆமா சார்" என்றேன்.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த ஆய்வின்போது டிபன் கடை வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா கடலூர் பக்கம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் தேடவில்லை. அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை என்று அதிகாரியிடம் சொன்னபோது, "அப்ப அந்தப் புள்ளிய எடுத்துடு. அந்த ஊரு கிளீன்" என்றார். கம்ப்யூட்டரில் எடுத்தவன் நான்தான். அந்த வாரமும் மாந்தோப்பு வீட்டுக்கான மாத்திரை அட்டையை நர்ஸம்மா தன் பைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தொழுநோய் இல்லாத கிராமம் என்று புது ஃபிளெக்ஸ் அடித்தோம். திறப்பு விழாவுக்கு மாடி வீட்டுக்காரர்தான் தலைமை. அவருக்கு நான் சால்வை எடுத்துக் கொடுத்தேன், அதிகாரி போர்த்தினார். வந்தவர்கள் எல்லோருக்கும் காலை டிபன் அவர் வீட்டில், மாமரத்து நிழலில். பொங்கலும் வடையும். அந்த வீட்டம்மாவே இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். அதிகாரி இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். ஊரே சாப்பிட்டது, நானும் சாப்பிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.