ஸ்நேஹா கழற்றாத பட்டை

சொர்ணத்துக்கு நாற்பத்துமூன்று வயது. சைதாப்பேட்டையிலிருந்து அடையாறுக்கு பஸ் ஏறிப் போய், பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று ஓர் ஆய்வுக்காக அளப்பது அவள் வேலை. அதற்கு முன் போலியோ சொட்டு மருந்து, கொசுப்புழு சோதனை என்று கதவு தட்டியே பிழைத்தவள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஆள் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்த வேலை சுலபம்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதைப் பட்டையில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்ட வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றலாம். ஏழு நாள் கழித்துக் கணினியில் செருகினால், பிள்ளை எந்த நிமிடம் உட்கார்ந்தது, நடந்தது, ஓடியது என்று கோடு கோடாக வரும். ஒழுங்காகக் கட்டியிருந்த பிள்ளைகளின் பெயரைப் பிரேயரில் வாசித்துச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு ஸ்நேஹா அந்தச் சான்றிதழுக்காகவே பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் நடுவில் நான்காம் நாள் செருகிப் பார்த்தபோது, அவள் கருவியில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் வெறும் பூஜ்யம். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பூஜ்யம் வந்தாலே, பட்டையைக் கழற்றிவிட்டதாக சாஃப்ட்வேர் முடிவு கட்டிவிடும். வகுப்பு டீச்சர் எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்றார்.

"நான் அவுக்கவே இல்ல மிஸ்," என்றாள் ஸ்நேஹா, சொர்ணத்திடம். அழவில்லை. அழுதிருந்தால் சொர்ணத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை சொர்ணம் ஆற்றோரத்திலிருந்த ஸ்நேஹாவின் வீட்டுக்கே போய்விட்டாள். அம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஸ்நேஹா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் ஏழு மாதத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் பட்டை.

"கீழ போட்டா முழிச்சிக்குவான் மிஸ்," என்று கிசுகிசுத்தாள். "அசைஞ்சாலும் முழிச்சிக்குவான். அம்மா வர்ற வரிக்கும் இப்டியேதான் குந்திக்கினு இருப்பேன்."

சொர்ணம் பையிலிருந்த இன்னொரு பட்டையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அசையக் கூடாது என்று ஒரு வைராக்கியம். கொசு கடித்தது. கால் மரத்தது. பத்தாவது நிமிடம் நெளிந்துவிட்டாள். ஸ்நேஹா சத்தம் வராமல் சிரித்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளன் பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, நீங்க சொல்றத நான் நம்புறேன். சாஃப்ட்வேர் நம்பாதுக்கா."

"என் கண்ணால பாத்தேன் சார்."

"இவளுக்கு வுட்டா எல்லாருக்கும் வுடணும். மேல கேப்பாங்க."

கெட்டவன் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

படிவத்தில், பிள்ளையின் பதிவை நீக்கிய காரணத்துக்கு மூன்றே கட்டங்கள்: தொலைந்தது, பழுது, அணிய மறுத்தார். சொர்ணம் ஓரத்தில் 'தம்பி தூங்கினான்' என்று எழுதினாள். ஓரத்தில் எழுதினால் கணினியில் ஏறாது என்று பிரசாத் புதுப் படிவம் நீட்டினான். வேறு வழி தெரியாமல் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

பள்ளி கேட்டில் ஸ்நேஹா காத்திருந்தாள்.

"நான் அவுக்கலன்னு எழுதிட்டீங்களா மிஸ்?"

"எழுதிட்டேம்மா."

"பெரிய எழுத்துலயா?"

"பெரிய எழுத்துலதான்."

திங்கட்கிழமை பிரேயரில், பெயர் வாசித்ததும் சான்றிதழ் வாங்கச் சீக்கிரம் போகலாம் என்று ஸ்நேஹா முதல் வரிசையில் வந்து நின்றாள்.