சாராள் டீச்சர் வேண்டாமென்ற படம்

1991ஆம் வருடக் கடைசியில் சாராள் டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. கிழக்குத் தாம்பரத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் இருபது வருடங்களாக வேலை பார்த்தார். விடுதிப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதிக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஸ்டவ், சுவரில் சபையார் கொடுத்த காலண்டர். பேசும்போது வாயோடு கையும் சேர்ந்து பேசும். காது கேட்பவர்களிடம்கூட அப்படித்தான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவது வழக்கம். அந்த வருடம் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் எல்லோரும் ஒரே படத்தைக் கேட்டார்கள். சண்டையும் சிரிப்புமாக ஓடிய படம். ஹெட்மாஸ்டர் எட்மண்ட் தயங்கினார்.

“சென்சார் சர்டிஃபிகேட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா படம் பூரா அடிதடின்னு சொல்றாங்க. நம்ம பிள்ளைங்க பார்க்கலாமா வேண்டாமான்னு நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க, சாராள்.”

சனிக்கிழமை காலையில் துளசிங்கத்தின் வீடியோ கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. துளசிங்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து கேசட்டை ஓடவிட்டான். கதாநாயகன் ஒருவனைத் தூக்கித் தக்காளிக் கூடையில் போட்டான். இன்னொருவன் தலையில் அண்டாவைக் கவிழ்த்தான். டீச்சருக்கே சிரிப்பு வந்தது. இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தார்.

பாதிப் படத்துக்குமேல் காது கேளாத வேலைக்காரன் ஒருவன் வந்தான். முதலாளி கூப்பிடுவார், அவன் திரும்பமாட்டான். பின்மண்டையில் ஓர் அறை விழும். யார் அடித்தது என்று தெரியாமல், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கும்பிடுவான். மறுபடி அறை. ஒவ்வோர் அறைக்கும் தகரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். துளசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டார்.

“துளசிங்கம், கொஞ்சம் பின்னாடி ஓட்டு. சவுண்டைச் சுத்தமா குறைச்சிடு. எங்க பிள்ளைங்க அப்படித்தானே பார்ப்பாங்க.”

சத்தமில்லாமல் அதே காட்சி மறுபடி ஓடியது. ஒருவன் இன்னொருவனை அடித்துக்கொண்டே இருந்தான். அடிபட்டவன் கண்கள் ஆள் மாற்றி ஆள் தேடின. கடையில் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

“இன்னா டீச்சர் இது,” என்றான் துளசிங்கம், “சவுண்டு இல்லாம பார்த்தா ஒரே பேஜாரா கீது.”

டீச்சர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். அவருடைய தம்பி ஐசக்கும் காது கேளாதவன்தான். பல்லாவரத்து வீட்டில், அப்பா கூப்பிட்டுத் திரும்பாததற்கெல்லாம் அவனுக்குப் பின்மண்டையில் விழும். ஐசக் திடுக்கிட்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். அந்த முழியைப் பார்த்து அக்கா சாராள் சிரிப்பாள். பதினாறாவது வயதில் ஒரு நாள் பீச் போகிற மின்சார ரயிலில் ஏறியவன் திரும்பி வரவே இல்லை. இந்த வேலைக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான்.

“வேண்டாம் சார்,” என்று எட்மண்டிடம் சொன்னார். “அடிதடி அதிகம்.” அவ்வளவுதான் சொன்னார். விடுதியில் யானைப் படம் ஒன்று போட்டார்கள்.

பத்தாவது படிக்கும் கனகவல்லி சும்மா இருக்கவில்லை. கோவளத்து மீன்காரர் வீட்டுப் பெண். கோபம் வந்தால் அவள் கை காற்றை வெட்டும்.

“நாங்கள் கைக்குழந்தைகளா? எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஏன் வேண்டாம்?”

“அடிதடி,” என்று டீச்சர் கையால் சொன்னார்.

“நாங்கள் அடி வாங்கினதே இல்லையா?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போவதாக அனுமதி வாங்கிக்கொண்டு கனகவல்லி, குப்பன் உட்பட நான்கு பிள்ளைகள் வெளியே போனார்கள். அந்தப் படம் மறுபடியும் தியேட்டருக்கு வந்திருந்தது. மேட்னி பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பினார்கள். டீச்சர் கேட்டருகே நின்றிருந்தார். திட்டுவதற்குத் தயாராகத்தான் நின்றார். ஆனால் குப்பன் நிமிராமல் அவரைத் தாண்டி உள்ளே போனான். எப்போதும் யாரையாவது வம்புக்கிழுக்கிற பையன்.

நடந்ததைக் கனகவல்லிதான் சொன்னாள். இடைவேளையில் நான்கு பேரும் கையால் பேசிக்கொண்டதைப் பின்வரிசை ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். வேலைக்காரன் காட்சி வந்தபோது ஒருவன் குப்பனின் பின்மண்டையில் தட்டியிருக்கிறான். குப்பன் திரும்பினான். வரிசையே சிரித்தது. தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவனும் சிரித்தான். மறுபக்கத்திலிருந்து இன்னோர் அறை விழுந்தது. அப்புறம்தான் அவன் திரையைப் பார்த்தான்.

“படத்தில் இது வருமென்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் கனகவல்லி.

“தெரியும்.”

“ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டோம். எங்களைச் சின்னப் பிள்ளைகளாக நினைக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் போனோம்.”

டீச்சர் கேட் படியிலேயே உட்கார்ந்தார். மறைத்தது படத்தை அல்ல, தன்னை என்று அவருக்குத் தெரிந்தது. மெதுவாகக் கையைத் தூக்கி, தனக்கு ஒரு தம்பி இருந்ததைச் சொன்னார். பல்லாவரம், அப்பா, அறை, ரயில் எல்லாவற்றையும் சொன்னார். இருபது வருடத்தில் அந்த விடுதியில் யாருக்கும் சொல்லாதது. கனகவல்லி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“அவர் அடி வாங்கும்போது நீங்கள் சிரித்தீர்களா?”

“சிரித்தேன்.”

கனகவல்லி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “அவர் பெயரைக் கையில் எப்படிச் சொல்வீர்கள்?”

அந்தப் பள்ளியில் ஒவ்வொருவருக்கும் கையால் கூப்பிட ஒரு பெயர் உண்டு. குப்பனுக்குக் கன்னத்துக் குழி. கனகவல்லிக்கு நெற்றித் தழும்பு. டீச்சருக்கு மூக்குக் கண்ணாடி.

“அவனுக்கு அப்படி ஒன்று இல்லை,” என்றார் சாராள். “எங்கள் வீட்டில் யாருக்கும் கையால் பேசத் தெரியாது.”