அண்ணி இடித்த சுவர்

என் அண்ணியைப் போல ஒரு கஞ்சப் பிசினாரியை இந்தக் கடைத்தெரு கண்டதில்லை. ஒற்றைப் பொத்தான் வாங்க வருகிறவர்களுக்கு அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து, "மூடிக்கோங்க, விழாது" என்பார். கடையில் ஆள் இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நூல்கண்டுகளை அடுக்குவார். நான் அதே கட்டடத்தின் மாடியில் தையல் கடை வைத்திருப்பவன், சொந்தக் கொழுந்தன். எனக்காவது விலையில் ஏதாவது தள்ளுவார் என்று பார்த்தால் அதுவும் கிடையாது. "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி, அதுக்குக் காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பொத்தானுக்கு எண்ணி வாங்கிக்கொள்வார்.

அண்ணன் இறந்த பிறகு கடை அவர் கைக்கு வந்தது. வாசலில் நின்று பார்த்தால் அதைக் கடை என்றே சொல்ல முடியாது. இருவர் சேர்ந்து நுழைந்தால் ஒருவர் தோள் வாசல் நிலையில் இடிக்கும். உள்ளே மட்டும் ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகும். மூலைக் கடை என்பதால் இடப்பக்கம் முழுக்கச் சந்துப் பக்கம் பார்த்த மொட்டைச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி உள்ளே ஒரு தேக்கு அலமாரி, சின்னச் சின்ன இழுப்பறைகளாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அண்ணன் தன் கையால் செய்தது.

எங்கள் தெருவில் வருடக் கட்டணம் என்று ஒன்று உண்டு. தெருவைக் கடைக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நகராட்சி கொண்டுவந்த ஏற்பாடு. கூட்டிப் பெருக்குவது, விளக்கு, இரவுக் காவல் எல்லாம் அந்தப் பணத்தில்தான். கடையின் முகப்பு எத்தனை அடியோ அத்தனை அடிக்குக் கட்டணம். வாடிக்கையாளர் நுழைய வாசல் இருக்கும் பக்கம்தான் முகப்பு. மொட்டைச் சுவருக்கும், அடைத்துக் கிடங்காக்கிய பகுதிக்கும் கட்டணம் இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூட்டம் போட்டு, பணத்தை எதற்கெல்லாம் செலவழிப்பது என்று ஓட்டு எடுப்பார்கள். ஓட்டும் அடிக்கணக்குதான். எத்தனை அடிக்குக் கட்டுகிறோமோ அத்தனை ஓட்டு. மாடிக்காரனுக்கு அடியும் இல்லை, ஓட்டும் இல்லை. அதனால்தான் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

இந்த அடிக்கணக்கு எங்கள் ஆட்களின் புத்தியைக் கெடுத்தது. முதலில் பேக்கரிக்காரர் முகப்பில் பாதியைப் பலகை வைத்து அடைத்து, பின்னால் மாவு மூட்டைகளை அடுக்கினார். கட்டணம் பாதியானது. அதைப் பார்த்துவிட்டுச் செருப்புக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் செங்கல் வைத்தார். பாத்திரக் கடை, கடிகாரக் கடை என்று ஆளாளுக்குச் சுவர் எழுப்பினார்கள். இடுப்பைப் பிடித்துத் தைத்த சட்டை மாதிரி தெருவே இறுகிப்போனது. வசூல் குறைந்தது. இரண்டு காவலாளிகள் ஒருவரானார்கள், பாதி விளக்குகள் எரியவில்லை. "இன்னும் கொஞ்சம் அடைச்சா நீங்களே உள்ள போக முடியாதே அண்ணே" என்று பேக்கரிக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். காசு மிச்சமானால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சுருக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சோபாக்காரர். மூன்று கடைகளை வாங்கி ஒன்றாக்கி, முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டவர். சரக்கு வெளியே தெரிய வேண்டுமே. இன்னொருவர் அண்ணி. அவரிடம் சுருக்க எதுவும் இல்லை. "தெருவிலேயே குறைச்ச கட்டணம் என்னோடதுதான்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அது சந்துக் கோடியில் இருக்கும் பெண்கள் கழிப்பறை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி இதே தெருவில் துணிக்கடையில் விற்பனைப் பெண். காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றபடியே வேலை. ஒதுங்க இடம் கிடையாது. அதனால் அங்கே இருந்த பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வருடக்கணக்கில் அப்படியே இருந்து, ஒருநாள் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். ஒரு சிறுநீரகம் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துத்தான் இன்றுவரை காலம் ஓடுகிறது.

கட்டண ஏற்பாடு வந்த முதல் கூட்டத்திலேயே அண்ணி எழுந்து கழிப்பறை வேண்டும் என்றார். ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நீங்கல்லாம் எங்கயாவது சுவரோரமா நின்னுட்டு வந்துடுவீங்க. கடைங்கள்ல நிக்கிற பொண்ணுங்க எங்க போவாங்க?" என்று கேட்டார்.

கழிப்பறை கட்டினார்கள். அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் அம்மாவையும் அமர்த்தினார்கள்.

போன தடவை ஓட்டெடுப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சோபாக்காரர் ஒரு யோசனையைக் கிளப்பினார். கழிப்பறையை மூடிவிட்டு, அந்தப் பணத்தில் தெருமுனையில் பெரிய அலங்கார வளைவு வைக்கலாம், விளக்கெல்லாம் போட்டு. கடைக்காரர் சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் அன்றே அண்ணியிடம் வந்து கையைப் பிசைந்தார்.

"சின்னக் கடைங்க எல்லாம் உங்க பக்கம்தாம்மா. ஆனா அடியைச் சுருக்கி வெச்சிருக்காங்களே. அவர் கடையும், அவர் சொன்னா கேக்குற ரெண்டு கடையும் சேர்ந்தா பாதிக்கு மேல வந்துடுது."

"சுருக்கினதை மறுபடி திறக்கச் சொல்லுங்க."

"கெஞ்சிப் பார்த்துட்டேன். ஓட்டு உங்களுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. சுவரை இடிக்கச் சொன்னா காதுலயே விழல."

மறுநாள் அண்ணி என் கடைக்கு வந்தார். முழங்கால் வலிக்குப் பயந்து மாடிப்படி பக்கமே வராதவர். "தம்பி, உங்க டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு சந்துக்குப் போனார். தையல்காரன் டேப் எத்தனை நீளம் இருக்கும்? சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து நகர்ந்து, மொட்டைச் சுவரைக் கடைசிவரை அளந்தார். விஷயம் புரிந்ததும் நான் கீழே இறங்கி ஓடினேன்.

"அண்ணி, இந்தப் பக்கம் வாசல் வெச்சா மொத்தச் சுவருக்கும் கட்டணம் வரும். பத்து மடங்குக்கு மேல ஆகும்."

"ஓட்டும் பத்து மடங்குக்கு மேல வரும்ல?"

"பணத்துக்கு எங்க போவீங்க?"

"அலமாரி இருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணன் கையால செஞ்சது. அதை விக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று கத்தியேவிட்டேன்.

"வாசல் வெச்சா அது எப்படியும் இடத்தைக் காலி பண்ணணும். எங்க கொண்டுபோய் வெக்கிறது, உங்க மாடியிலயா?" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே போனேன்.

பழைய தேக்குக்கு ஆசைப்பட்டு நல்ல விலை கொடுக்கக்கூடியவர் தெருவில் ஒருவர்தான் உண்டு. சோபாக்காரர் வந்தார், தட்டிப் பார்த்தார், இழுப்பறைகளை இழுத்து இழுத்துத் தள்ளினார், பேரம் பேசினார். அண்ணியிடமா பேரம்? சொன்ன விலையிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. கடைசியில் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். கடை நொடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அண்ணியிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அலமாரியைத் தூக்கிப்போன அதே வாரத்தில் கொத்தனார் வந்துவிட்டார். சந்துப் பக்கச் சுவரை மூன்று இடத்தில் இடித்து, கதவு வைத்து, பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. நகராட்சி ஆள் அளந்து புதுக் கட்டணம் சொன்னார். அண்ணி அன்றைக்கே கட்டினார்.

கூட்டம் பாத்திரக் கடையின் பின்னறையில் நடந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். செயலாளர் யாருக்கு எத்தனை அடி என்று படித்துக்கொண்டே வந்து அண்ணியின் கணக்கைச் சொன்னதும், சோபாக்காரர் எழுந்துவிட்டார்.

"இது என்ன அநியாயம்? சந்துக்குள்ள வந்து யாரு பொத்தான் வாங்கப் போறா? ஓட்டுக்காகவே கதவு வெச்சிருக்காங்க."

"ஓட்டுக்காகத்தான் வெச்சேன் அண்ணே. விதியில வாசல் இருக்கணும்னுதான் இருக்கு. எதுக்காக வெச்சீங்கன்னு கேக்கல" என்றார் அண்ணி.

"அவ்வளவு கட்டணம் கட்ட உங்ககிட்ட ஏது பணம்?"

"நீங்க குடுத்ததுதான். அலமாரிக்கு."

கடிகாரக் கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சோபாக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஓட்டெடுப்பில் அண்ணியின் பக்கம் நாலடி கூடுதல். கழிப்பறை பிழைத்தது. அன்றைக்கு அண்ணிக்குக் கை கொடுக்காதவர் இல்லை.

கை கொடுத்தவர்கள் யாரும் தங்கள் சுவரை இடிக்கவில்லை. கழிப்பறைதான் பிழைத்துவிட்டதே என்று சிலர் இன்னும் கொஞ்சம் அடைத்தார்கள். அண்ணியின் கடைதான் சீரழிந்து கிடந்தது. பொத்தான்கள் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாக்களில், எது எங்கே என்று தேடவே பாதி நேரம் போனது. சந்துப் புழுதி முழுக்க நூல்கண்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்த மூன்று கதவுகள் வழியாக நாளுக்கு ஒருவர் வந்தால் அதிசயம். அடுத்த வருடக் கட்டணத்துக்காக, என் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலையைக் கூலிக்கு வாங்கிக்கொண்டார். அவர் குனிந்து ஊசி கோக்கிறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டணம் கட்டும் நாள் நெருங்கியபோது கீழே போய்ச் சொன்னேன்.

"ஓட்டு முடிஞ்சிடுச்சு அண்ணி. இனிமே நாலு வருஷத்துக்கு யாரும் எதையும் மாத்த முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு மூணு கதவையும் அடைச்சிடுவோம். கட்டணம் பழையபடி ஆயிடும். அடுத்த ஓட்டு வரும்போது திறந்துக்கலாம்."

எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அண்ணி தைப்பதை நிறுத்தவில்லை.

"அடைக்கலாம். சந்துக் கோடியில இருக்குற அம்மாவுக்குச் சம்பளம் எதுல வருதுன்னு நினைக்கிறீங்க? மத்தவங்க இப்ப கட்டுறது விளக்குக்கும் காவலுக்குமே பத்தல. அவங்க சம்பளம் இந்தச் சுவர்லேர்ந்துதான் வருது. நான் அடைச்சா அடுத்த மாசம் அவங்க வர மாட்டாங்க. அவங்க வரலைன்னா அங்க பூட்டு."

சட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்த பொத்தானை எடுத்தார்.

"சோபாக்காரர் பூட்டினா என்ன, நான் பூட்டினா என்ன, தம்பி?"

நான் மேலே போய் மிச்சமிருந்த சட்டைகளையும் எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.