மடக்கைப் பக்கத்தின் தட்டச்சுப் பிழை

கலாராணி சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தோற்றவள். அந்த ஒரு பாடம் கைகொடுக்காததால் படிப்பு அதோடு நின்றது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து பஸீலின் அச்சகத்தில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். அங்கே அவளுக்கு வாய்த்த வேலை, உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான இணைந்த கணித டியூட்களை, அதாவது வகுப்பில் கொடுக்கும் பாடக் குறிப்புத் தாள்களை, அடிப்பது. பதினோரு வருடமாக அதைத்தான் அடித்தாள். எந்தக் குறி எதற்கென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் பதினோரு வருடம் ஒரே வீட்டு வாசலைக் கடந்து போகிறவளுக்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலா போகும்?

டியூட்களில் பெரும்பாலானவை டியூஷன் ஆசிரியர் சரவணமுத்து சேருடையவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையிலேயே நிலைத்துவிட்டவர். ஞாயிறு வகுப்பில் இருநூறு பிள்ளைகள். விசையியலில் புலி. வகையீட்டை மட்டும் பழைய கொப்பி ஒன்றைப் பார்த்துக் கடகடவென்று எழுதித் தந்துவிடுவார்.

போன வருடம் மடக்கைச் சார்புகளின் பெறுதி என்ற பக்கத்தில் கலாராணியின் விரல் நின்றது. மடக்கையான ln x-ஐ வகையிட்டால் கிடைக்கும் பெறுதி 1/x என்று இருந்தது. அடுத்த வரியில் ln 3x-இன் பெறுதி 1/3x என்று இருந்தது. முந்தின நாள்தான் அவள் வேறொரு பக்கத்தில், பெருக்கத்தின் மடக்கை மடக்கைகளின் கூட்டல் என்று அடித்திருந்தாள். அப்படியானால் ln 3x என்பது ln 3-உம் ln x-உம் சேர்ந்தது. ln 3 வெறும் எண். எண்ணின் பெறுதி பூச்சியம் என்று சேரே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். மிஞ்சுவது 1/x மட்டும்தானே. மூன்றுக்கு அங்கே என்ன வேலை?

அவர் பிரதி பார்க்க வந்தபோது மெதுவாகக் கேட்டாள். அவர் கோபிக்கவில்லை.

"பிள்ளை, நீர் எழுத்தைப் பாரும். கணக்கை நான் பாக்கிறன்" என்றார்.

அவளும் எழுத்தைப் பார்த்தே அடித்தாள். இருநூறு பிரதி போயிற்று.

அந்த ஞாயிறு துவாரகா என்ற மாணவி எழுந்து, விடை பிழையென்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். சேர் ஒரு கணமும் தடுமாறவில்லை. அது அச்சகத்துப் பெட்டை விட்ட பிழை, அடுத்த கிழமை திருத்தம் தருகிறேன் என்றார்.

அந்தத் திருத்தத்தையும் கலாராணியே அடிக்க வேண்டியிருந்தது. 'தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்' என்ற முதல் வரியைப் பிழையில்லாமல் அடித்தாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். ln 3x-இன் பெறுதி 3/x என்று எழுதியிருந்தார்.

"சார், இதுவும் பிழைங்க."

சேர் முக்காலியில் உட்கார்ந்தார். பேனையை எடுத்துத் திருத்தம் எழுதிய துண்டுத் தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் இதை எங்கை படிச்சனீர்?" என்று கேட்டார்.

"உங்க டியூட்லதாங்க சார்."

விடை 1/x ஆனது. முதல் வரியை மாற்றவா என்று அவள் கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவள் ஒருதரம் பார்க்காமல் அவருடைய எந்த டியூட்டும் அச்சுக்குப் போனதில்லை. கடையில் வேறு ஆள் இல்லாத வேளை பார்த்துத்தான் கொண்டுவருவார்.

வெளியே கதை வேறு மாதிரி ஓடியது. பஸீலின் கடையில் அடிக்கும் பெண் கணக்கில் பிழை விடுகிறாளாம் என்று கேள்விப்பட்டு, இரண்டு ஆசிரியர்கள் வேலையை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். டொக்டரிடம் கண்ணைக் காட்டிக் கண்ணாடி போடச் சொல்லி பஸீல் சாடையாகச் சொன்னார். நடந்ததைச் சொன்னாலும், சாதாரண தரத்தில் தோற்றவள் பேச்சை யார் எடுப்பார்கள்?

ஒரு மாதம் கழித்துத் துவாரகாவே நகல் எடுக்க வந்தாள். பிழை விட்ட அக்கா இவள்தான் என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைக்குப் பாவமாகப் போயிற்று. கடுதாசி ஒன்றைக் கேட்டு வாங்கினாள்.

"இது லேசுதான் அக்கா. 1/3x எழுதிட்டு, உள்ளுக்கு இருக்கிற 3x-ஐயும் வகையிட்டு மூணால பெருக்கணும். மேலயும் கீழயும் மூணு வெட்டுப்படும்."

கலாராணிக்குத் தெரிந்தது கூட்டலாகப் பிரிக்கும் வழி ஒன்றுதான். இந்தப் பெருக்கும் வழி புதிது. சேர் எப்படி 3/x-இல் போய் விழுந்தார் என்பதும் இப்போதுதான் விளங்கியது. மூன்றால் பெருக்கியவர் கீழே கிடந்த மூன்றை மறந்துவிட்டிருக்கிறார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ காட்டும்மா" என்றாள்.